கிராக்கி இல்லாத மாதம்

என் மனைவியின் கண்ணில் மிச்சமிருக்கும் பார்வைக்கு ஐந்து லட்சம் கேட்டார்கள்; மூன்றுக்கு முடித்தேன். ஏஜென்ட் கொடுத்த ரசீதில் அப்படி எழுதியிருக்காது. 'பாய்மரப் படகு, ஏழு நாள், தீவுகள், கேப்டன் உட்பட' என்றுதான் இருக்கும். எதை வாங்கினோம் என்பது வாங்கியவனுக்குத் தெரியும்.

கண் டாக்டர் சொன்னது எளிய கணக்கு. பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கி வருகிறது. இப்போது சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் இருக்கிறது. ஆறு மாதத்தில் அதுவும் போகலாம், முன்னாலும் போகலாம். வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழவில்லை. "கரையே தெரியாத எடத்துல, நாலு பக்கமும் நீலத் தண்ணியா ஒரு தடவை பாத்துடணுங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நாங்கள் மூன்று தலைமுறையாக ஜவுளி. கம்பளியைக் கோடையில் வாங்கு, கிராக்கி இல்லாதபோது சரக்கைப் பிடி, விற்கிறவன் பேச்சில் பாதியைத் தள்ளு. தாய்ப்பாலோடு இறங்கியவை இவை. ஏஜென்டின் அட்டவணையில் நல்ல மாதங்களெல்லாம் ஐந்து லட்சம். ஒரு மாதம் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. அதற்கு நான்கு என்றான். "ஆனா சார், அந்த மாசம் காத்து ஒரு மாதிரி இருக்கும்" என்று இழுத்தான். பெரிய விலைக்குத் தள்ளப் பார்க்கிறான் என்று நினைத்து, எழுந்து வாசல் வரை நடந்தேன். கதவுப்பிடியில் கை வைத்ததும் கூப்பிட்டான். மூன்றுக்கு முடிந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

படகில் அது ஐந்தாவது நாள். முதல் நாள் மேகத்துக்கடியில் இரண்டு மணி நேரம் ஓடினோம். கரை அப்போதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. அதற்குள் காற்று திரும்பிவிட, கேப்டன் ஒரு சின்ன விரிகுடாவுக்குள் படகை நுழைத்து நங்கூரம் போட்டார். அதிலிருந்து மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல், நடுவில் தையல்கூடத் தெரியவில்லை. கீழறையில் டீசலும் ஈர மெத்தையும் கலந்த வாடை. பாய்மரத்தில் ஏதோ ஒரு கயிறு விடாமல் தட்டிக்கொண்டேயிருந்தது. மேசை தரையோடு திருகப்பட்டது, நகராது. ஆனாலும் அதன் முனை தன் பார்வை வட்டத்துக்கு வெளியே இருந்ததால் அவள் நாளுக்கு நான்கு முறை அதில் முழங்கால் இடித்துக்கொண்டாள். இடித்ததும் "நீ இன்னும் இங்கதான் இருக்கியா" என்று மேசையைக் கேட்பாள்.

அன்று காலையில் கேப்டனிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும், ரேடியோவைத் தோளால் காதோடு இடுக்கிக்கொண்டு தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வந்துடலாம். தனியா உங்களுக்கு அம்பதாயிரம்."

"அண்ணே, அலை ஆள் உயரத்துக்கு நிக்குது."

"ஒரு லட்சம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்குக் குடுத்துடுவீங்க. காத்துக்கு யாரு குடுக்கிறது? கடல்ல பேரம் பேசினவன் எவனும் மிச்சக் காசை வாங்கத் திரும்பி வந்ததில்லை. போய் அக்காகிட்ட உக்காருங்க."

மேல்தட்டில் ஒரு மூலையில் மட்டும் போனில் சிக்னல் கிடைத்தது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஏஜென்டைப் பிடித்தேன். அடுத்த வாரம் மறுபடி படகு வேண்டும் என்றேன். எல்லாப் படகையும் பழுதுபார்க்கக் கரையேற்றுகிறார்களாம், ஐந்து மாதம் கழித்துதான் இறக்குவார்களாம். "எவ்வளவு ஆனாலும் சரி, நீங்க சொல்றதுதான் விலை" என்றேன். எங்கள் வம்சத்தில் யார் வாயிலிருந்தும் வந்திராத வாக்கியம் அது. "சார், விலை இல்ல சார்... படகே இல்ல" என்றான். அவன் பேச்சில் தள்ளுவதற்குப் பாதி எதுவும் இல்லை.

கீழே வந்தபோது அவள் வட்டச் சன்னலுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரோட பேசினீங்க?"

"கடைக்கு."

"பொய். கடைக்குன்னா கத்துவீங்க." முந்தானையால் சன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். "தக்காளி வாங்கக்கூட கடை சாத்துற நேரத்துக்குப் போற ஆளாச்சே. இந்த மாசம் ஏன் சல்லிசுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாம்ல?"

"வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்ததை எவ்வளவு ஆசையா சொன்னீங்க. எப்படிங்க சொல்றது?"

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

ஆறாம் நாள் மாலை கேப்டன் மேலிருந்து குரல் கொடுத்தார். மேற்கே மேகம் கிழிந்து, விரிகுடா வாய்க்கு வெளியே தூரத்தில் முழ அகலத்துக்கு நீலம். கண்ணைப் பறிக்கிற நீலம். அவளை இழுத்துக்கொண்டு படியேறினேன். "எங்க? எங்க?" என்று தலையைத் திருப்பினாள்; அவள் வட்டத்துக்குள் பாறை வந்தது, கயிறு வந்தது, கேப்டனின் சட்டை வந்தது. "இடது பக்கம்... இல்ல, அவ்வளவு இல்ல. கொஞ்சம் மேல" என்றேன். கடைசியில் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்து, தொலைநோக்கியைத் திருப்புவதுபோலத் திருப்பினேன். அதற்குள் மறுபடி தூறல். கிழிசல் மூடிக்கொண்டிருந்ததா, மூடியே விட்டிருந்ததா, எனக்கே தெரியவில்லை.

"ம்" என்றாள்.

பார்த்தேன் என்பதற்கும் அவள் அப்படித்தான் சொல்வாள். போதும், விடுங்கள் என்பதற்கும் அப்படித்தான். நான் கேட்கவில்லை. என் கை இரண்டும் அவள் கன்னத்திலேயே இருந்தன.

மறுநாள் காலை காற்று சற்று இறங்கிய இடைவெளியில் கரையை ஒட்டியே துறைக்குத் திரும்பினோம். கேப்டன் ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த தாளை எடுத்தார். டீசலுக்கு நான் முன்பணமாகக் கட்டியிருந்தது இருநூறு லிட்டருக்கு. அதில் நாற்பதுதான் எரிந்திருந்தது. லிட்டர் நூறு.

"சரியா எண்ணிக்குங்கண்ணே" என்று நோட்டுகளை என் கையில் வைத்தார்.

எண்ணவில்லை. என் மறுகையைப் பிடித்தபடி அவள் படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். கேப்டன் தாளின் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

செலவானது நாற்பது. மீதி நூற்றறுபது. உங்களுக்கு வரவு, பதினாறாயிரம்.