நிறம் பிடிக்காத துண்டு

சிறுநீர்ப்பையிலிருந்து வெட்டியெடுத்த துண்டின் மேல் ஒரு பிறபொருளெதிரி மருந்தை விடுவோம். புற்று அங்கேயே பிறந்ததென்றால் பெரும்பாலும் மண்ணிறமாகும். நிறம் பிடிக்காவிட்டால் வேறிடத்திலிருந்து வந்ததோ என்று டொக்டர் யோசிப்பார், வைத்தியமே மாறிவிடும். அதனால் கட்டாயம் நிறம் பிடிக்கும் என்று தெரிந்த இன்னொரு துண்டையும் கூடவே போடுவோம். அதற்குப் பெயர் கொன்ட்ரோல். அதுவும் வெளிறிக் கிடந்தால் மருந்து பழுது, முடிவை நம்பக்கூடாது.

பன்னிரண்டு வருடமாக ஆய்வுகூடத்தில் இருக்கிற எனக்கு இது தெரியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை, பளை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மருந்துக் குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை சத்தமில்லாமல் பிரிட்ஜில் வைத்தேன். அன்று போட்ட கொன்ட்ரோலில் நிறமே இல்லை. சொன்னால் விளக்கக் கடிதம், எல்லார் வாயிலும் என் பெயர். முந்தின கிழமையின் நல்ல கொன்ட்ரோலை எடுத்து, திகதியை மாற்றி எழுதித் தட்டில் வைத்தேன். எங்கள் ஆய்வுகூட டொக்டர் சுமித்திரா என்னை நம்பி அறிக்கையில் கையெழுத்து வைத்தார்.

அன்று சோதித்தது உருத்திரபுரத்து வீரகத்தி ஐயாவின் துண்டு; அதிலும் நிறம் பிடிக்கவில்லை. புற்று பக்கத்துப் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வந்ததென்று முடிவாகி, அதற்கான ஊசியைத் தொடங்கினார்கள். நான் இரண்டு மாதம் நல்ல பிள்ளையாக வேலைக்குப் போய்வந்தேன். வெட்கம் கெட்டவள்.

நேற்று சிறுநீரில் இரத்தம் போகிறதென்று அவரை வார்டில் சேர்த்தார்கள். யாரும் கேட்காமலே, புதுக் குப்பியில் அவருடைய துண்டை மறுபடி போட்டேன். முழுக்க மண்ணிறம்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. சத்திரசிகிச்சை டொக்டருக்குப் போன் எடுத்துவிட்டு எழுந்தார்.

"நானும் வாறன், கௌசலா. ஆனா அவருக்கு நீரே சொல்லும்."

வீரகத்தி ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஐயா, உங்கட சோதனை முடிவு பிழை. வருத்தம் சலப்பையில, சிறுநீர்ப்பையிலதான் தொடங்கினது. அந்த ஊசி இதுக்குச் சரிவராது. சலப்பையை எடுக்கவேண்டி வரலாம். ரெண்டு மாசம் வீணாப் போச்சு."

அவர் முகம் கறுத்தது. என் கண்ணீரைப் பார்த்ததும் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"பிழை ஆருக்கும் வரும்தானே பிள்ளை. அழாதை."

அத்தோடு விட்டிருக்கலாம்.

"பிழை இல்லை ஐயா. தெரிஞ்சுதான் செய்தனான்."

வீரகத்தி ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன மாசம் ஊசிக்கு வரேக்க உன்னை வாசல்ல கண்டனான். சுகமோ எண்டு கேட்டனீ. அப்பவும் தெரியுமோ?"

"ஓம் ஐயா."