இருபத்தொன்றாம் நம்பர் வண்டி

"பேட்டரிய மட்டும் கழட்டிடுங்க அண்ணி. தீயில வெடிச்சிடும்," என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் மகேஷ் வாசலுக்குப் போனான். கணவன் ராஜராஜனின் பந்தய காரை மடியில் வைத்துக்கொண்டு அனுசுயா உள்ளறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டில் ஓடும் கார். ராஜராஜன் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நேற்றுக் காலை துறையூர் ரோட்டுக் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துபோனான். நாற்பதைத் தாண்டியிருந்தான், அவ்வளவுதான்.

காரும் அவனோடு போக வேண்டும் என்பது பந்தய நண்பர்களின் ஆசை. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலையும் சீட்டாடியவருக்குச் சீட்டுக்கட்டும் வைத்து அனுப்புகிற ஊரில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த ஸ்க்ரூக்களைத் தொடத் தெரிந்தவள் வீட்டில் அனுசுயா ஒருத்திதான். அதனால் வேலை அவளிடம் வந்தது.

இருவரும் சேர்ந்துதான் பந்தயத்துக்குப் போனார்கள். குரும்பலூரில், அறுவடை இல்லாத நாட்களில் சும்மா கிடக்கும் சிமெண்டுக் களத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவார்கள். பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் போட்டால் ஓடுபாதை. எல்லா வண்டியிலும் ஒரே வகை மோட்டார்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டாக் கிளாஸ் என்று அதற்குப் பெயர். மோட்டாருக்குள் இருக்கும் கம்பி பதினேழரைச் சுற்று. சுற்று கூடினால் வேகம் குறையும். எல்லோருக்கும் ஒரே மோட்டார் என்பதால் அங்கே ஜெயிப்பது கைதான். மோட்டார்களைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பு ராஜராஜனுடையது, அவன் வாக்குக்கு அங்கே மறுவாக்கு கிடையாது. வீட்டில் சதா இந்தப் பேச்சையே கேட்டு அலுத்த மாமியார் ஜெயலட்சுமி, "ஏழரை வந்தாலே குடும்பம் தாங்காது, இவன் பதினேழரையக் கொண்டாந்து வூட்ல வச்சிருக்கான்," என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அனுசுயா ஒரு முறைகூட அவனை முந்தியதில்லை. வளைவுகளில் அவனை ஒட்டிக்கொண்டே வருவாள். நேர்பாதை வந்ததும் அவன் போய்விடுவான். அவள் பிறந்த ஆண்டிமடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரிதான். "முந்திரிக்கொட்டை ஊரு, ரேஸ்ல மட்டும் முந்தவே மாட்டேங்குது!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சமையலை முடித்துவிட்டு மொட்டை மாடியில் செங்கல்லை அடுக்கி வைத்துப் பழகியும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாருக்கும் கை வந்துடாது அனு. எதுக்குக் கஷ்டப்படுற? விட்ரு," என்று ஒருநாள் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். போன பொங்கலோடு விட்டுவிட்டாள். தன் கை சரியில்லை என்பதை மனதார நம்பினாள். அரியலூர் லேபுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதையும் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

பேட்டரி உப்பிப்போய் இறுகிக் கிடந்தது. பக்கத்திலிருந்த மோட்டாரைக் கழற்றினால்தான் வரும் போலிருந்தது. கழற்றினாள். புழுதி அப்பியிருந்த மோட்டாரைப் புடவையில் துடைத்தாள். உலோகத்திலேயே எண் பொறித்திருந்தது: 17.5.

தன்னுடைய மோட்டாரில் அந்த எண் ஸ்டிக்கரில் அல்லவா இருக்கும்? "ரெண்டும் ஒரே பெட்டியில வந்துச்சு, ரெட்டப் புள்ளைங்க," என்று சொல்லித்தானே இரண்டாம் வாரம் மாட்டிக் கொடுத்தான்? பீரோ மேலிருந்த தன் காரை எடுத்துப் பிரித்தாள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். பசையோடு இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் பொறித்திருந்தது: 21.5.

இரண்டு மோட்டார்களையும் தரையில் அருகருகே வைத்துப் பார்த்தாள். அளவு ஒன்று, நிறம் ஒன்று. வளைவில் ஒட்டியவள் நேர்பாதையில் ஏன் விட்டாள் என்பது இப்போது யாரும் சொல்லாமலே விளங்கியது.

பிறகுதான் தன் காரின் கூரையைப் பார்த்தாள். பெரிய எழுத்தில் 21. "நீ பொறந்த தேதி," என்று அவனே ஒட்டிக்கொடுத்த நம்பர். களத்துக்குப் போனால், "வாங்க இருபத்தொண்ணு அண்ணி!" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, பந்தய நண்பன் சுதர்சன் மட்டும் எப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இத்தனை பேர் தன் பிறந்த தேதியை ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று அவள் பூரித்துப்போயிருந்தாள். நினைக்கவே உடம்பு கூசியது.

"ஆச்சா அண்ணி? சொர்க்க ரதம் வந்துட்டுது," என்று மகேஷ் எட்டிப் பார்த்தான்.

அவள் தன் மோட்டாரை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவன் பார்த்தான். என்ன அது என்று கேட்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"வெளாட்டுக்குத்தான் அண்ணி ஆரம்பிச்சாரு. மொத வாரமே நீங்க அவர ஒட்டிக்கிட்டே வந்துட்டீங்க. ஒரு வாரம் இத மாட்டிப் பாக்குறேன்னாரு. அப்பறம் எடுக்கவே இல்ல."

"இந்த நம்பரு?"

"அது பசங்க வச்ச பேரு. அண்ணனே சிரிச்சுக்கிட்டு ஒட்டிட்டாரு."

"அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

மகேஷ் கதவு நிலையைச் சுரண்டினான். "போயிட்ட மனுசன் அண்ணி. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

அவளுக்கு அழுகை வெடித்தது. ஓவென்று, தெருவுக்குக் கேட்க அழுதாள். நேற்றிலிருந்து கல்லாக இருந்தவள் அழுததும் கூடத்தில் எல்லோருக்கும் நிம்மதி. "அழுவு தாயி, நல்லா அழுதுடு," என்று பெண்கள் ஓடிவந்து முதுகைத் தடவினார்கள். ஜெயலட்சுமி அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். கண்ணாடிப் பெட்டியைத் தட்டி அவனை எழுப்பி உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கத்தான் அனுசுயாவுக்குத் தோன்றியது. கேட்பதற்குள் முந்திவிட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய முடிச்சுட்டு வரேன். கதவ சாத்திட்டுப் போங்க," என்றாள்.

ஸ்டிக்கரைப் பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டினாள். அந்த மோட்டாரை ராஜராஜனின் காரில் வைத்து முறுக்கினாள். பேட்டரியை நெம்பி எடுத்து, தீப்பிடித்தால் அணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் போட்டாள். அவனுடைய மோட்டாரை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குளிப்பாட்டி மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். காரை வாங்கிக் காலடியில் வைக்கும்போது மகேஷின் கண் அடிப்பக்கம் போனது. ஸ்டிக்கரைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் அதை அப்படியே வைத்தான்.

"சாம்பியன் வண்டியோடயே போறாருடா," என்று சுதர்சன் தேம்பினான்.

"எல்லாரையும் முந்திக்கிட்டுப் போறியே எஞ்சாமி!" என்று ஜெயலட்சுமி மார்பில் அடித்துக்கொண்டாள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். ரதம் பூக்களை உதிர்த்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறியது. அனுசுயா முந்தானை முடிச்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் சின்ன வெங்காய மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று வந்தது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வலதுபுறம் ஒடித்து ரதத்தை முந்திக்கொண்டு போனது.