நாற்பத்தாறாம் பெட்டி

நிலவறைப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள் இன்திசார். மார்போடு அணைத்திருந்த தோல் அட்டைப் புத்தகம் கைக்குழந்தை கனம் கனத்தது. நடைவழிக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

பன்னிரண்டு அடித்தால், வகீஹின் விடுவிப்புத் தாளில் 'ஒரு கையெழுத்து நூல் காணவில்லை' என்று சரிபார்ப்புக் குழு எழுதிவிடும். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் அறையை முப்பத்து நான்கு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த மனிதர். இன்றோடு பணி முடிகிறது. அந்த ஒரு வரி விழுந்தால் முப்பத்து நான்கு வருடத்துக்கும் அர்த்தமில்லை.

தேநீர்த் தட்டோடு எதிரே வந்த ஃபர்கலி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பார்த்தும்மா. இந்தத் தூசியோட உள்ள போனா, மேடம் ரகா உன்னையும் பழைய புஸ்தகக் கணக்குல சேர்த்துடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

இயக்குநர் ரகாவின் பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. வகீஹ் எழுந்து வந்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல அட்டையைத் தொட்டார்.

"எங்க இருந்துச்சு?" என்றாள் ரகா.

"நிலவறையில, மேடம். நாற்பத்தேழாம் பெட்டி."

"அதைத்தான் ரெண்டு தடவை பார்த்தாச்சே."

"நாற்பத்தேழுன்னு ரெண்டு பெட்டி இருக்கு. நாற்பத்தாறுன்னு ஒண்ணுகூட இல்ல."

குளிர்காலத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது நடந்த கூத்து அது. பெட்டிகள்மேல் தச்சன் பெயிண்டில் எழுதிய எண்களை வகீஹ் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். இன்திசார் பட்டியல் எழுதினாள். பிறகு கணினியில் அடித்து, அந்த எண்களின் மேலேயே ஒட்டுத்தாள் ஒட்டினாள். நாற்பத்தாறு வரை அரிய நூல் அறைக்கு, அதற்கு மேல் நிலவறைக்கு. கையால் எழுதிய பட்டியல் மட்டும் மாற்றத்தில் தொலைந்துபோனது.

"அப்போ நம்ம வகீஹ் உஸ்தாத்தான் ஆறை ஏழுன்னு படிச்சுச் சொல்லியிருக்கார்," ரகா சிரித்தாள். "கண்ணாடியை மாத்துங்கன்னு போன வருஷமே சொன்னேன். கேட்டாத்தானே."

அரசாங்கக் கழுகு முத்திரை தாளில் விழுந்தது. ஒரு கறையும் இல்லாத தாள். வகீஹின் மனைவி செய்தனுப்பிய ரவை இனிப்பான பஸ்பூஸாவை ஃபர்கலி வெட்டினான். முதல் துண்டை வகீஹ் இன்திசாருக்கே நீட்டினார்.

"சாப்பிடு மகளே. என் மானத்தைக் காப்பாத்தின கை இது."

சர்க்கரைப் பாகு அவள் விரலில் ஒட்டியது. துண்டை அப்படியே தட்டு ஓரத்தில் வைத்தாள்.

"ஆமா, நிலவறையில மறுபடியும் தேடணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?" என்றாள் ரகா.

"சும்மாதான் மேடம். தோணிச்சு."

வகீஹ் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து இன்திசார் முன்னால் வைத்தார்.

"இனிமே இது உனக்கு. நூல் காணோம்னதுமே என் கண்ணு மேல சந்தேகம் வந்து, நேத்து கெய்ரோ அச்சகத்துக்குப் போன் போட்டுட்டேன். பழைய கையெழுத்தைப் படிச்சு எழுதற வேலைக்கு வேற ஆளைப் பாருங்கன்னு. சந்தேகம் சரியாத்தான் போச்சு. ஆறும் ஏழும் தெரியாதவன் எழுநூறு வருஷத்து மையைத் தொடலாமா?"

அந்த வேலைக்காகவே பால்கனி ஓரம் ஒரு மேசை வாங்கிப் போட்டிருப்பதாக மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒருவர் விடாமல் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார். இன்திசார் ஜன்னல் வழியே பார்த்தாள். வாசல் படியில் கைப்பிடியைப் பற்றி, காலால் தடவித் தடவி இறங்கினார். போன மாதம் வரை அதே படியில் ஃபர்கலியைத் திட்டிக்கொண்டே தடதடவென்று இறங்கியவர்.

விட்டுவிடலாம். தாள் சுத்தம், புத்தகம் பத்திரம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"உஸ்தாத், நில்லுங்க." மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "கடைசிக்கு முந்தின வரியைப் படிங்க."

"என் கண்ணாடியத்தான் உன்கிட்டக் குடுத்துட்டேனே."

"அது வேணாம். சும்மாவே படிங்க."

காகிதத்தைக் கை தூரத்தில் பிடித்தார். "நாற்பத்தாறு," என்றார் உடனே. பிறகு மெதுவாக, "இது உன் எழுத்தாச்சே."

"ஆமா. நீங்க ஆறுன்னுதான் சொன்னீங்க. நானும் ஆறுன்னுதான் எழுதினேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து கணினியில இங்கிலீஷ் எண்ணா அடிச்சுட்டு இருந்தேன். நம்ம அரபி ஆறும் இங்கிலீஷ் ஏழும் எழுத்துல ஒரே சாடை. என் ஆறை நானே ஏழுன்னு அடிச்சுட்டேன்."

தொலைந்துபோனதாக நினைத்த அந்தப் பட்டியலை வகீஹ் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பக் கிடைச்சுது?"

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை. குளிர்காலக் கோட்டை மடிச்சு வைக்கறப்ப, அதோட பையில இருந்துச்சு. நீங்க அச்சகத்துக்குப் போன் போடறதுக்கு மூணு நாள் முன்னாடி, உஸ்தாத்."