மூன்றாவது படி

அரசாங்க வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். "தகவல் கொடுத்தவர் போகிற போக்கில் எதையோ சொல்லிவிட்டுப் போகவில்லை, ஐயா. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு அடியில் செங்கல் சந்து, எல்லாம் சொல்லியிருக்கிறார். பின்பக்க ஏணியில் மூன்றாவது படி ஆடும், மிதித்தால் விழுந்துவிடுவீர்கள், தாண்டி ஏறுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இதைவிட நம்பகமான தகவல் என்ன வேண்டும்?"

நீதிபதி தலையை ஆட்டினார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். குடிக்கவில்லை.

அங்கே பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரிகிற பாதியை நான் நம்புவதில்லை. ஆனால் இது புரிந்தது. எங்கள் வீட்டு மாடியில் தொட்டிக்கு அடியிலிருந்து போலீஸ் போதைப் பொட்டலங்களை எடுத்தது, அது என் சின்னவனுடையது என்று கீழ்க்கோர்ட்டில் பத்து வருசம் போட்டார்கள். அதை எதிர்த்துத்தான் இந்த அப்பீல். சொன்னவன் யார் என்று கேட்டால், அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று போலீஸ் முதலிலிருந்தே ஒரே பிடியாக நின்றது. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் வாயைத் திறந்தான், என் பிள்ளை உள்ளே போனான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

யார் அந்த ஆள் என்று நான் பார்க்காத முகம் இல்லை. எனக்குப் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் எங்கே காற்றுப் போகிறது என்று குமிழி வந்து காட்டிக் கொடுத்துவிடும். மனுசனை எதில் அமுக்குவது? பால் ஊற்றுகிறவன், வாடகைக்கு மாடிப் பக்கம் கேட்டு வந்தவன், என் தம்பி மகன் என்று ஒவ்வொருத்தராகச் சந்தேகப்பட்டுக் கடைசியில் எதிர்க்கடை சலூன்காரன்தான் என்று முடிவு கட்டினேன். சின்னவன் அவன் கடை பெஞ்சில் நாள் முழுக்கக் குந்தியிருக்கிறான் என்று ஒரு தடவை ரெண்டு பேருக்கும் கைகலப்பு ஆகியிருந்தது. எனக்கு அது போதும். அன்றிலிருந்து அவனிடம் தலையைக் கொடுப்பதில்லை. நானே கண்ணாடி முன்னால் நின்று சிரைத்து மூஞ்சியைக் கிழித்துக்கொள்வேன். அவன் அங்கேயிருந்து கத்துவான். "என்ன மாமா, மூஞ்சியில பஞ்சர் ஒட்டியிருக்கு போல?"

கோர்ட்டு வராந்தாவில் எங்கள் வக்கீலம்மா என்னைத் தூண் பக்கமாகக் கூட்டிப்போனாள். சின்னப் பெண். கறுப்புக் கோட்டு தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் விவரமானவள்.

"ஐயா, அவங்களே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாங்க. ஏணியில எந்தப் படி ஆடும்னு தெரிஞ்ச ஆளு, அந்த ஏணியில ஏறியிருக்கணும். அப்ப மாடிக்குப் போற வழி உங்க பையனுக்கு மட்டும் இல்ல. சொன்னவங்களே ஏன் வெச்சிருக்கக் கூடாதுன்னு நான் கேக்கலாம். பேரு மட்டும் கெடைச்சா கூண்டுல ஏத்தச் சொல்லி மனு போட்டுருவேன். கேஸ் அங்கேயே ஒடைஞ்சுடும்."

"பேரு கெடைக்கலைன்னா?"

"இப்ப இருக்கறத வெச்சுப் பாத்தா, கஷ்டம்தான். பத்து வருசம் அப்படியே நிக்கும்." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "யாருன்னு ஏதாச்சும் தோணுதா ஐயா?"

"சலூன்காரன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அவரு உங்க மாடிக்கு வந்திருக்காரா?"

"வாசலத் தாண்டினதில்ல."

"அப்ப நல்லா யோசிங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள சொல்லுங்க."

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் கொடுமை.

அந்த ஏணி எங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மூன்றாவது படியைச் சரிசெய்யச் சொல்லி என் வீட்டுக்காரி கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனாள். ஊர் வண்டிக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குச் சொந்த வீட்டு ஏணிக்கு ஆணி அடிக்க நேரமில்லை. அதனால் யார் அதில் கால் வைத்தாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும். "மூணாவதுல மிதிக்காதீங்க!" தொட்டி கழுவ வருகிறவனுக்குச் சொல்வாள். ஒயர் இழுக்க வந்தவனுக்குச் சொன்னாள். விட்டால் பூனைக்கும் சொல்வாள் என்று சின்னவன் கேலி பண்ணுவான். போலீஸ் வந்த அன்றைக்கு மப்டியில் வந்த ஒருத்தன்தான் முதலில் ஏறினான். இரண்டாவது படியிலிருந்து காலைத் தூக்கி நேரே நாலாவதில் வைத்தான். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்படியிலிருந்து அன்றைக்குச் சத்தமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் வெளியே அவள் குரல் கேட்டது. "இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பெரியவன் போனதிலிருந்து வந்தது. குளிக்கப் போனவன் வரவில்லை என்று நான்தான் இரும்புக் கம்பியால் கதவை நெம்பினேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்ல யோசிக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. அதற்கப்புறம் யார் உள்ளே போனாலும் இவள் வாசலில் நின்று குரல் கொடுப்பாள், உள்ளேயிருந்து குரல் வர வேண்டும். சின்னவன் முதலில் எரிந்து விழுந்தான். பிறகு பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லப் பழகிக்கொண்டான். "இருக்கேம்மா... இருக்கேன்." அவன் ஜெயிலுக்குப் போன பிறகும் சில நாள் ஆளில்லாத குளியலறைக்கு அவள் குரல் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அப்படியே நிற்பாள். எந்தப் பிள்ளையைக் கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஈரத் தலையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றேன். சட்டியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான்தான்."

எனக்குக் கை ஓங்க வரவில்லை. உட்காரத்தான் வந்தது.

"பெத்த புள்ளைய..."

"பெத்ததாலதான்." அவள் என் பக்கம் திரும்பவில்லை. "பெரியவனுக்கு இருந்த மாதிரியே கண்ணு சொருகிக்கிட்டு வந்தான். உங்ககிட்ட சொன்னேனா இல்லியா? வயசுப் பய, தூக்கம் கெட்டா அப்படித்தான் இருக்கும்னீங்க. பெரியவனுக்கும் அதத்தான் சொன்னீங்க. தொட்டிக்கு அடியில ஒரு பொட்டலம் பாத்தேன். சின்னது, இத்துனூண்டு. டேசன்ல போய்ச் சொன்னேன். ஒரு வருசம் வெப்போம், உள்ளயே டாக்டர் இருக்காரு, தெளிஞ்சு வருவான்னாங்க. சரின்னேன்."

"பத்து வருசம்டி."

"அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால அடுத்தவன் சரக்கையெல்லாம் வாங்கி அடுக்கி வெச்சிருப்பான்னு நான் என்னத்தக் கண்டேன்? கையி எட்டின வரைக்கும்தான் பாத்தேன்."

"சரி, அதச் சொன்ன. ஏணிய எதுக்குச் சொன்ன?"

முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன கேள்வி கேட்கிறான் இந்த மனுசன் என்கிற பார்வை.

"ஏறப் போறவங்க விழுந்துட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. அது பாதியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

"வக்கீலம்மா பேரு கேக்குது. உன்னக் கூண்டுல ஏத்துவாங்க. நீயே வெச்சியான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்லுங்க, வந்து நிக்கிறேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வெளிய வரட்டும். ஆனா வந்த அன்னிலேருந்து அந்தக் குளிக்கிற ரூம் வாசல்ல நீங்க நில்லுங்க. என்னால இனிமே முடியாது."

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேரே எதிர்ப்பக்கம் போய்ச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் என்னையே பார்த்தான். "என்ன மாமா, காட்டிக் குடுத்தவன் கத்திக்கே கழுத்த நீட்டிட்டீங்க?" என்றான். சிரைடா என்றேன். அவன் நுரையைப் போட்டு, நான் கிழித்துவைத்திருந்த இடங்களில் பூப்போலக் கத்தியை ஓட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவனைப் பார்க்க முடியவில்லை.

வாய்தாவுக்கு முன்னால் சின்னவனைப் பார்க்கப் போனோம். நீளமான அறை. நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யாருக்கும் எதுவும் கேட்காது. வலையில் மூஞ்சியை ஒட்டிக்கொண்டால்தான் உண்டு.

வந்தான். ஒரு நிமிசம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. சட்டைப் பொத்தான் வயிற்றில் இறுகிக் கிடந்தது. கண்ணில் பளபளப்பு, பள்ளிக்கூடம் போன நாளில் இருந்ததைப் போல. அவள் அவன் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. சட்டைக்கை மடித்திருந்த இடத்தில் முழங்கை மடிப்பைத்தான் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது.

"நல்லாத் தூங்குறியாடா?"

"இங்க வேற என்ன வேல?" சிரித்தான். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்தான். "அப்பா, என் செல்லு எங்க இருக்கு? நம்பரெல்லாம் அதுலதான் கெடக்கு."

"எந்த நம்பரு?"

"ஃப்ரெண்ட்ஸ் நம்பருதான்." கண் ஒரு தரம் என்னை விட்டு நழுவிப் போய்த் திரும்பி வந்தது. "வக்கீலம்மா கேஸ் நிக்காதுன்னு சொல்லிச்சாமே? எவன் சொன்னான்னு கண்டுபிடிச்சா வந்துருவேனாமே? நிசமாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். "பாக்குது" என்றேன்.

அவள் வலது கை விரல்களை வலைக்குள் விட்டாள். நுனி மட்டும்தான் போகும். அந்த நுனிகளை அவன் தன் ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான், சின்னப் பிள்ளையில் தெருவைத் தாண்டும்போது பிடிப்பானே, அப்படி.

"அம்மா, ராத்திரியில படுத்தா அந்த ஒரு நெனப்புதாம்மா. யாருன்னு தெரியல. ஒவ்வொரு மூஞ்சியா வருது. என்னக் காட்டிக் குடுத்தவன் கையி அழுகித்தான்மா போவணும்."

பக்கத்தில் ஒரு கிழவி யாருடைய பேரையோ சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். இவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாப்பா" என்றாள். "அழுகட்டும்."

மணி அடித்தார்கள். அவன் அவள் விரலைக் கடைசியாகத்தான் விட்டான்.

வெளியே வெயில் பொசுக்கியது. நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். பஸ்ஸில் ஏறும்போது இடது கையால்தான் கம்பியைப் பிடித்தாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எனக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது. வக்கீலம்மாவாகத்தான் இருக்கும். அது அடித்துக்கொண்டே இருந்தது. முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. வலது கையை, விரல்களை விரித்து, ஈரம் காயட்டும் என்று வைத்திருப்பவளைப் போல மடிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். அவள் சாய்ந்து என் தோளில் வந்து இடித்தாள். அப்போதும் அந்தக் கையை எதன் மேலும் படவிடவில்லை.