தேன்சிட்டுக்கு நாலு ஃபிளாஷ்

ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தாமஸ் எடுக்காத கலியாணம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. ஆனால் சொந்தப் பெண்டாட்டி மார்த்தாவைக் கண் திறந்தபடி ஒரே ஒரு படம் எடுக்க இன்றுவரை அவருக்குத் துப்பில்லை. ஃபிளாஷ் அடித்தால் அவள் கண் மூடிக்கொள்ளும். கலியாண ஆல்பம் முழுக்க அந்த அம்மாள் தூங்குகிறாள். "உனக்கு இமையில கோளாறு" என்று அவர் சொல்லிச் சொல்லி, பாவம், அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது கலியாண வெள்ளிவிழா. சர்ச் ஹாலில் மாட்ட ஜோடிப் படம் கேட்கிறார்கள்.

"இந்தத் தடவ பிரேம்நாத்துகிட்ட போயிருவோம்ங்க. ஊரு முன்னாடி தூங்கி வழிய என்னால முடியாது" என்றாள் மார்த்தா.

பிரேம்நாத்! அடுத்த தெருவில் புதுக் கடை போட்டிருக்கும் பயல்! ஸ்டூடியோக்காரர் பெண்டாட்டியே அங்கே போனால், ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகேற வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து போனில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில் எவனோ ஹம்மிங் பறவையைப் படம் பிடிக்கிறான். கண்ணுக்கே தெரியாமல் அடிக்கிற சிறகு, படத்தில் இறகு இறகாக அசையாமல் நிற்கிறது. ஃபிளாஷின் பவரைக் குறைத்தால் வெளிச்சம் வந்த வேகத்தில் போய்விடுமாம். சுற்றி நாலு ஃபிளாஷ் வைத்தால் போதுமாம்.

"சிறகையே நிறுத்துற வெளிச்சம் உன் இமைய நிறுத்தாதா?" என்று துள்ளினார் தாமஸ்.

"மொதல்ல குருவிய எடுத்துக் காட்டுங்க, அப்புறம் நான் உக்காருறேன். ஆனா ஹம்மிங் பறவைக்கு எங்க போவீங்க? நம்ம செம்பருத்திக்குத் தேன்சிட்டுதானே வருது?"

"அதுவும் தேன் குடிக்கிற ஜாதிதானே!"

பால்கனி ரணகளமாயிற்று. ஒரு ஃபிளாஷ் துடைப்பக்கட்டையில், ஒன்று துணிக்கொடியில், மற்ற இரண்டும் தலைகீழாகக் கவிழ்த்த வாளிகளின் மேல். அந்தச் சிட்டுக்கும் என்ன கொழுப்போ, கரண்ட் போய் பேட்டரி செத்த நேரமாகப் பார்த்து வரும். கரண்ட் வந்து தெருவே "மீ லா ப்யீ!", வெளிச்சம் வந்தாச்சு என்று பர்மியில் கத்தினால் பறந்துவிடும். சோதித்துப் பார்க்க அவர் ஃபிளாஷைத் தட்டும்போதெல்லாம் எதிர்வீட்டுப் புஷ்பாக்கா மின்னல் என்று பயந்து காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கடைசியில் ஒருநாள் காலை, சிட்டு செம்பருத்திக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. தாமஸ் மூச்சை இழுத்தார். பழக்கம் விடுமா? "ரெடீ! ஸ்மைல்!" என்று தொண்டை கிழியக் கத்தி, அமுக்கினார்.

படம் அற்புதம். சிறகு விசிறி போல விரிந்திருந்தது, ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். கழுத்து ஊதாவாக மின்னியது. கண்கள் மட்டும் இறுக்க மூடியிருந்தன.

மார்த்தா படத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"அடப்பாவி மனுஷா! இமையில கோளாறுன்னு இத்தன வருஷம் என்னையில்ல சொன்னீங்க? நீங்க கத்துற கத்துக்குப் பேய்கூட கண்ண மூடிக்கும்!"

தாமஸ் வாயைத் திறந்தார்.

"மூடுங்க! மூடிக்கிட்டே படம் எடுங்க. இல்லேன்னா இப்பவே கெளம்புறேன் பிரேம்நாத்துகிட்ட."

சர்ச் ஹாலில் இப்போது அந்தப் படம் தொங்குகிறது. மார்த்தாவின் கண்கள் இரண்டும் பளிச்சென்று திறந்திருக்கின்றன, முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் தாமஸ் கேமரா ரிமோட்டைப் பிடித்தபடி, பல்வலிக்காரர் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.