அக்காவை விசாரிக்க வந்த மிஸ்

“இந்த ஊரில ஒரு மனுசருக்கும் உங்கட அக்காவத் தெரியாதா?” என்று கொழும்பிலிருந்து வந்த ஸபீனா மிஸ் என்னிடம் கேட்டார்.

நாங்கள் முச்சக்கர வண்டிக்குள் இருந்தோம். காலையிலிருந்து வீடு வீடாய் ஏறி இறங்கியும் அவருடைய கொப்பியில் அரைப் பக்கம் நிரம்பவில்லை. வண்டி ஓட்டிய இப்ஹாம் நானா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துவிட்டு உடனே ரோட்டைப் பார்த்தார். அவருக்கும் அக்காவைத் தெரியும். எங்கள் ஊர் ஆலங்குடாவில் எல்லோருக்கும் தெரியும். பிரச்சினையே அதுதான்.

என் அக்கா டெனிஷா சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிய நாள் முதல் அவள் செய்ததெல்லாம் அடுத்தவர்களின் ஆராய்ச்சிக்காகப் படியேறிக் கேள்வி கேட்கிற வேலை. நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி, புத்தளத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி இன்னொன்று. ஆராய்ச்சி முடிந்தால் வேலையும் முடியும். பிறகு மாதக்கணக்கில் வீடு. புத்தகம் வரும்போது அட்டையில் கொழும்பு ஆட்களின் பெயர் இருக்கும். அக்காவின் பெயர் நன்றி சொல்கிற பக்கத்தில் இருக்கும், அதுவும் எழுத்துப் பிழையோடு.

அதனால்தான் அவள் பெலோஷிப்புக்கு விண்ணப்பித்தாள். கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு வருடத்துக்கு மாதச் சம்பளம் தரும். களத்துக்குப் போய்வரும் செலவையும் தரும். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்யலாம், சொந்தப் பெயரில் எழுதலாம். நன்றாகச் செய்தால் பிறகு அங்கேயே வேலை. ஆனால் முப்பது வயதைத் தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அக்காவுக்கு இந்த ஆவணியில் முப்பது முடிகிறது. இது கிடைக்காவிட்டால் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வரவேற்பு மேசை கெட்ட வேலை இல்லை. ஆனால் அந்தக் கதை வரும்போதெல்லாம் அவள் பல்லுக்குத்து வந்தவளைப்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி எங்கள் கரையைப் பற்றியது. விடியற்காலையில் அங்கே கரைவலை இழுப்பார்கள். வெயில் ஏறியதும் பெண்கள் கருவாடு காயப்போடுவார்கள். காற்று எழும்பியதும் வெள்ளைக்காரர்கள் வானில் பறக்கிற பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாடுவார்கள். பட்டக் கயிறு வலையில் சிக்கி, ஹோட்டல் கதிரை கருவாட்டின் மேல் விழுந்து, முன்பெல்லாம் சண்டை இல்லாத கிழமை இல்லை. அக்கா ஒரு வருடம் அந்தக் கரையில் குடையோடு இருந்தாள். யார் எந்த இடத்தை எந்த நேரத்தில் பாவிக்கிறார்கள் என்று எல்லோரிடமும் கேட்டு ஒரு பெரிய படம் கீறினாள். அந்தப் படத்தை நடுவில் விரித்து வைத்துத்தான் ஹோட்டல்காரர்களும் வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமாரும் கோயில் மண்டபத்தில் பேசி நேரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

கடைசிச் சுற்றுக்கு அக்காவைத் தெரிவு செய்திருந்தார்கள். நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து ஊர் ஆட்களிடம் விசாரிப்பார், அந்த நேரம் அக்கா பக்கத்தில் இருக்கக்கூடாது என்று அறிவித்தார்கள். இதைக் கேட்டதும் அம்மா செய்த முதல் வேலை, வீடு வீடாகப் போய் எல்லோருடைய வாயையும் கட்டியது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கைக்கு வந்து சேராத நல்லதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. கலியாணம் பேசினாலும் ‘ஒண்டுமில்லை’. விசா போட்டாலும் ‘ஒண்டுமில்லை’. வயிறு தெரிகிற வரைக்கும் பிள்ளைத்தாய்ச்சியும் ‘ஒண்டுமில்லை’. சொன்னால் கண்ணூறு பட்டு எல்லாம் கலைந்துபோகும்.

“அந்த விசயம் கைகூடுற வரைக்கும் அவளப் பத்தி ஒருத்தரும் பெரிசாக் கதைக்காதீங்க,” என்று அம்மா கருவாட்டுக்கார றஜிதா அக்காவிடம் கெஞ்சினாள்.

“எங்களுக்குச் சொல்லித் தரோணுமா, கத்தரினாக்கா? வாயத் திறக்கமாட்டம்.”

வந்தவருக்கு வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். அப்பா கடலில். அம்மா போனால் அழுதுவிடுவாள். மிஞ்சியது நான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பாடமெல்லாம் போனில் நடந்த காலத்தில் வீட்டில் இருந்த ஒரே போன் அக்காவின் வேலைக்குத் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது எனக்குப் போக வெட்கமாக இருந்தது. ஆட்களோடு கதைக்கவும் எனக்கு வராது.

“இவள் நல்லம்,” என்றாள் அம்மா. “கதைக்கமாட்டாள். பிழையா ஒண்டும் சொல்லமாட்டாள்.”

ஸபீனா மிஸ் முதலில் றஜிதா அக்காவிடம் போனார்.

“டெனிஷாவோ? ஓம், வின்சன்ட் அண்ணன்ட மூத்தவள். கரைக்கு வருவாள். சும்மா இருப்பாள்.”

“சும்மா எண்டா?”

“குடை பிடிச்சிக்கொண்டு இருப்பாள், மிஸ்.”

“உங்களிட்ட ஏதும் கேட்டு எழுதினாவா?”

“என்னமோ எழுதினாள். நான் அதையெல்லாம் பாக்கிறேல்ல.”

அடுத்தது ஹோட்டல் மனேஜர் யூட். எங்களுக்குக் குளிராகத் தோடம்பழச் சாறு தந்தார். “நல்ல பிள்ள, அமைதியான பிள்ள,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“அவ கீறின படம் உங்கட சுவரில இருக்கெண்டு விண்ணப்பத்தில எழுதியிருக்கே?”

“படமோ? சுவருக்குப் பெயின்ட் அடிச்சம், மிஸ்.”

நான் சுவரைப் பார்த்தேன். படத்தின் மேல் ஒரு கலண்டர் தொங்கியது. படம் பெரியது, கலண்டர் சிறியது. மிஸ்ஸும் பார்த்தார். யூட் எழுந்து வந்து கலண்டரை நேராக்கினார்.

இப்படியே போய்த்தான் முச்சக்கர வண்டிக்குள் அந்தக் கேள்வி வந்தது. நான் பதில் சொல்லாததால் மிஸ் கொப்பியை மூடினார்.

“நானும் புத்தளத்தில வளந்தவள்தான், தங்கச்சி. வாப்பா மன்னாரிலிருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இது கிடைக்கோணும் எண்டு எனக்கும் ஆசைதான். ஆனா ஒருத்தரும் சொல்லாத ஒண்ட நான் எப்படி எழுதுறது? ஊருக்கு இவவத் தெரியாது எண்டுதான் எழுதலாம்.” பிறகு இப்ஹாம் நானாவிடம், “பாலாவிச் சந்திக்குப் போங்க நானா, பஸ் பிடிக்கோணும்,” என்றார்.

சொன்னால் கண்ணூறு. சொல்லாவிட்டால் வரவேற்பு மேசை.

“நானா, கரைக்குத் திருப்புங்க,” என்றேன்.

இப்ஹாம் நானா வண்டியை நிறுத்தியேவிட்டார். “யா அல்லாஹ். இந்தப் புள்ளைக்குக் குரல் இருக்கு.”

“கில்பட் மாமாட ரெண்டாவது வலை ஏறுற நேரம். மிஸ் ஒருக்காப் பாக்கட்டும்.”

கில்பட் மாமா பெரிய சம்மாட்டி. நாங்கள் போனபோது அவருடைய வலை கரைக்கு வந்து, பாரை மீன் குவியலாகக் கிடந்து துள்ளியது. புத்தளத்து வியாபாரிகள் அதைச் சுற்றி நின்று விலை கத்தினார்கள். ஐஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாக லொறியில் ஏறின. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

“மீன்பாடு எப்படி எண்டு கேளுங்க, மிஸ்,” என்று நான் மெல்லச் சொன்னேன்.

“இண்டைக்குப் பாடு எப்படி?” என்று மிஸ் கேட்டார்.

மாமா மீனையும் பார்க்கவில்லை, லொறியையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். “எங்க மிஸ். ஏதோ கறிக்குக் கிடைச்சது.”

லொறியின் பின்கதவு பூட்டுப்படாமல் இரண்டு பேர் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

“இவ்வளவும் கறிக்கா?”

“குடும்பம் பெரிசு, மிஸ்.”

“போன கிழமை எப்படி?”

“அதுவும் கறிக்குத்தான்.”

“அப்ப ஒரு நாளும் நல்லாப் பிடிபடுறேல்லயா?”

“பிடிபட்ட அண்டைக்கு ஆராவது சொல்லுவினமா, மிஸ்?”

ஸபீனா மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வாயோரம் துடித்தது. “சரி. அப்ப வின்சன்ட் அண்ணன்ட மகள் டெனிஷா எப்படி?”

மாமா தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வானத்தைப் பார்த்தார். “அவளும் கறிக்குக் காணும், மிஸ்.”

மிஸ் மணலில் குந்தியிருந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். “எனக்கு விளங்கிட்டு. ஆனா கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இத எழுதினா விளங்காது. ஒரு ஆளாவது பேரோட நேராச் சொல்லோணும்.”

சொன்னதுதான் தாமதம், கரையில் நின்ற எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. ஒருவர் கயிறு சுற்றினார். ஒருவர் சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். கருவாட்டுத் தட்டோடு நின்ற றஜிதா அக்கா காய்ந்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

“நான் சொல்றன்,” என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், முகங்களைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். “அக்கா கேட்டத எழுதி, எழுதினத அவங்களுக்கே திருப்பி வாசிச்சுக் காட்டுவா. பிழையெண்டா அவங்கட கண்ணுக்கு முன்னுக்கே வெட்டுவா. கில்பட் மாமாட நெத்தியில இருக்கிற தையல் பட்டக் கயிறு வெட்டினது. படம் கீறின பிறகு ஒருத்தருக்கும் தையல் போடேல்ல. எத்தின ஆராய்ச்சிக்காரர் இங்க வந்தாங்க. கேட்டுக்கொண்டு போனவங்க ஒருத்தரும் திரும்பி வரேல்ல. அக்கா வந்தா. எங்கட அக்கா கெட்டிக்காரி, மிஸ். இந்தக் கரையில அவளப்போல கெட்டிக்காரி ஒருத்தரும் இல்ல.”

றஜிதா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். விலை கத்தியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மிஸ் ஒரு வரியும் எழுதவில்லை. “நல்லாச் சொன்னீங்க, தங்கச்சி. ஆனா நீங்க கூடப் பிறந்தவ. சொந்தக்காரர் சொல்றத எழுத எனக்கு அனுமதியில்ல.”

கண்ணூறும் பட்டாயிற்று, பயனும் இல்லை. அக்காவின் விசயத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கில்பட் மாமா பெருமூச்சு விட்டார். “சொல்லக்கூடாததெல்லாம் இவள் சொல்லிப்போட்டாள். படுறது பட்டாச்சு. இனி நான் வாயப் பொத்தி என்ன செய்ய? எழுதுங்க மிஸ். கில்பட். இந்தத் தையல் உண்மை. அந்தப் பிள்ள வராட்டி இன்னும் ரெண்டு தையல் இருக்கும், அதுவும் உண்மை.”

அவ்வளவுதான். மடை உடைந்தது.

“என்ர பேரையும் போடுங்க,” என்றாள் றஜிதா அக்கா. “ஹோட்டல்காரன் கதிரைய இழுத்துக்கொண்டு போனது அவள்ட படத்தைக் கண்டுதான். எனக்குக் கருவாடு காயப்போட இடம் கிடைச்சது. சும்மா இருந்தாள் எண்டு நான் சொன்னத வெட்டுங்க.”

“அண்டைக்கு என்ர மனுசிட்டக் கேள்வி கேக்க வந்து, சோறு ஆக்கிக் குடுத்திட்டுப் போன பிள்ள,” என்று லொறிக் கதவில் முதுகைக் கொடுத்திருந்தவர் அங்கிருந்தபடியே கத்தினார்.

“மிஸ், நான் புத்தளத்தான், எனக்கு அந்தப் புள்ளயத் தெரியாது,” என்றார் ஒரு வியாபாரி. “ஆனா இப்ப மீன் நேரத்துக்கு வருது. அதையும் எழுதுங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டி எழுதினார். இப்ஹாம் நானா வண்டியை விட்டு வந்து, “ஆராய்ச்சி முடிஞ்சும் அவ என்ர வண்டியில போன ஹயருக்குக் காசு பாக்கி இல்ல, அத எழுத மறக்காதீங்க,” என்றார். கில்பட் மாமா எங்களை யூட்டின் ஹோட்டலுக்குத் தானே கூட்டிக்கொண்டு போய், ஒன்றும் கேட்காமல் கலண்டரைக் கழற்றினார். யூட்டுக்கு முகம் சிவந்தது. “கத்தரினா அன்ரி சொன்னவ, நான் என்ன செய்ய?” என்றார்.

மிஸ்ஸுக்கு அன்று பஸ் தவறியது. இப்ஹாம் நானாதான் புத்தளம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

வீட்டில் எனக்கு நல்ல ஏச்சு. “இவ்வளவு காலமும் வாய் திறக்காத பிள்ள, திறந்த அண்டைக்கு ஊரையே கூட்டித் திறந்திருக்கு,” என்று அம்மா உப்பையும் செத்தல் மிளகாயையும் எடுத்து அக்காவின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகையில் நாங்கள் எல்லோரும் இருமினோம். “பாத்தீங்களா, எவ்வளவு கண்ணூறு எண்டு,” என்றாள் அம்மா. அப்பா இருமிக்கொண்டே, “அது மிளகாய், கத்தரினா,” என்றார். அக்கா இருமுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரவு படுக்கும்போது அவள் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து, “கரையில என்ன சொன்னாய்?” என்று கேட்டாள். நான் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அக்கா அடிக்கடி போனைப் பார்ப்பாள். யூட்டின் ஹோட்டலிலிருந்து வரவேற்பு மேசைக்கான சேலையும் வந்து அலுமாரிக்குள் மடித்தபடி கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்த நேரம் மின்னஞ்சல் வந்தது. அக்கா வாசித்தாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்ப வாசித்தாள்.

“கிடைச்சிருக்கு.”

“மெல்லச் சொல்லு,” என்றாள் அம்மா, கண்ணீர் வழிய. “முதல் சம்பளம் கைக்கு வரட்டும்.”

அப்பா அலுமாரியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து, யூட்டிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார். நான் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். யூட் பைக்குள் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு ஒரு தோடம்பழச் சாறு தந்தார். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று எங்கள் வேலியோரம் போனவர்கள் எல்லோரும் மெல்லத்தான் நடந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம் கில்பட் மாமா சைக்கிளில் வந்தார். பின்னால் சாக்கு சுற்றி ஒரு பெரிய அறக்குளா மீன் கட்டியிருந்தது. கலியாண வீட்டுக்கு வாங்குகிற அளவு. அதை அவிழ்த்துக் குசினிப் பலகையில் வைத்தார். வாளித் தண்ணீரில் கை கழுவினார்.

“என்ன அண்ணன், இவ்வளவு பெரிசு?” என்றாள் அம்மா.

மாமா அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து, அக்காவின் தலையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சைக்கிளைத் திருப்பி ஏறி, வேலிப் படலையைத் தாண்டிப் போய்விட்டார்.