வாசலைத் தொடும்வரை

எங்கள் கடையில் திரைச்சீலைத் துணியை இவ்வளவு நேரம் தடவுகிறவன் வாங்க வந்தவனல்ல. வியாபாரிகள் வீட்டில் வளர்ந்த எனக்கு இதுகூடத் தெரியாதா? அதிலும் தடவிக்கொண்டிருந்தது நடையன். நான் முன்பு வேலை பார்த்த கேம் கம்பெனியில் அனிமேட்டர். எந்தப் பாத்திரத்தையும் வரையுமுன் ஆபீஸ் வராந்தாவில் தானே அப்படி நடந்து பார்ப்பான். கிழவியாக, பூதமாக, நொண்டிக் குதிரையாக. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

"புதுசா ஒரு கேம் பண்றோம்டா. கதை, வசனமெல்லாம் நீதான். சம்பளம் மட்டும் கொஞ்சம்…"

"கொஞ்சம்னா, இருக்கா இல்லையா?"

"இருக்கு. தேடிப் பாத்தா கிடைக்கும்."

அடுத்த மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி சிரிப்பை அடக்கினாள்.

அந்தப் பழைய கம்பெனி செருப்புக் கிடங்குக்கு மேலே ஒரே அறை. எந்நேரமும் ரப்பர் வாசனை. திரையில் ஒரு பூதத்தை நாள் முழுக்கச் சுவரில் மோதவிட்டு, நிற்கிறதா, உள்ளே புகுந்து போகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சின்ன வயதில் இதே வேலைக்கு அம்மா உதை கொடுத்தாள். அங்கே நாங்கள் செய்த கேமில் கடை வைத்திருந்த தவளை நான் எழுதியது, குரலும் என்னுடையதுதான். பேரம் படியாமல் ஆட்டக்காரர் கிளம்பினால் தவளை வாயைத் திறக்காது. வாசலைத் தொட்டதும்தான், "சரி வாங்க, உங்க முகத்துக்காக" என்று இழுக்கும். அச்சு அசல் என் அப்பா. அந்த ஒரு அழைப்பைக் கேட்பதற்காகவே ஆட்கள் அந்தக் கடைக்கு வந்துபோனார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் தவளையோடு பேரம் பேசியே பொழுதை ஓட்டியதாக ஒருத்தி எழுதியிருந்தாள். அன்று மதியம் எங்களில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

கம்பெனியை மூடியபோது, நாற்காலிகளை வாங்க வந்தவனிடம் முதலாளிக்காக நான்தான் பேசினேன். நல்ல விலைக்கே தள்ளினேன். ஒன்றை மட்டும் விற்க மனம் வரவில்லை. இப்போது கல்லாவில் நான் உட்கார்ந்திருப்பது அதில்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்டா," என்றேன். துணிக்கடையில் இதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்.

"பயமா?"

"இன்னொரு தடவை நாற்காலி விக்கத் தெம்பில்லடா."

மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஆனா என்னையும் கடையையும் சாக்கு வெச்சுடாதீங்க. நான் பாத்துப்பேன்."

நடையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சரி, வர்றேன்."

மெதுவாக நடந்தான். கழுத்து நேராக, இடது தோள் மட்டும் சற்றே பின்வாங்கி, காது முழுவதும் முதுகுப் பக்கம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தவளையின் கடையிலிருந்து கிளம்பும் ஆட்டக்காரனின் நடை அது. அதற்காக அவன் வராந்தாவில் நாள்கணக்கில் நடந்தான். அப்போது நான் பின்னாலிருந்து தவளைக் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வாசலை அடைந்துவிட்டான். கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தான். தள்ளவில்லை.

மனைவியின் கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது. எனக்கு அடியில் அந்தப் பழைய நாற்காலி கிறீச்சிட்டது.